ரெண்டு சீட்டு வண்டிக்கு ஒரு சைலன்சர்

என் அத்தானுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு கார் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார். பழையது, கரும்பச்சை, தரையோடு தரையாகக் கிடக்கும். இரண்டே இரண்டு சீட்டு. அதில் ஏறுவது என்றால் கீழே உட்காருவது, இறங்குவது என்றால் எழுந்திருப்பது. இரண்டுக்கும் முட்டி வலிக்கும். தனித்தனியாக வாங்க இரண்டு பேருக்கும் வக்கில்லாததால் சேர்ந்து வாங்கினோம். ஒரு வாரம் அவரிடம், ஒரு வாரம் என்னிடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கைமாற்றம். வாங்கி வந்த அன்று என் அக்கா வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து ஒரு பொம்மை வாங்கியிருக்கின்றன, சண்டை போடாமல் விளையாடினால் சரி என்றாள்.

சண்டை எங்களுக்குள் வரவில்லை. அவர்களுக்குள், புருஷன் பெண்டாட்டிக்குள், வந்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறாள். இரவு ஷிப்டுக்கு அவள்தான் தலைமை. நல்ல பொறுப்பு, நல்ல பெயர், தூக்கம் மட்டும் கிடையாது. ஒரு சமயம் அவளுக்குத் தலைவலி விடாமல் வந்தது, ஆள் இளைத்தாள். அத்தான் லிஃப்ட் கம்பெனியில் பாதுகாப்புப் பரிசோதகர். கயிறு அறுவதற்கு முன்பே கயிற்றை மாற்றுகிற உத்தியோகம். வீட்டிலும் அப்படியே நடந்துகொண்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், காதும் காதும் வைத்தாற்போல் அவளுடைய பிரிவுத் தலைவரைப் போய்ப் பார்த்து, அவளுக்கு இரவு வேலை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த மனிதரும் நல்லவர். உடனே இரவுப் பொறுப்பை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, அக்காவைப் பகலில் நோயாளிகளின் பெயரைப் பதிகிற மேசையில் உட்காரவைத்தார். சுவரில் ஒட்டியிருந்த ஷிப்ட் அட்டவணையைப் பார்த்துத்தான் அக்காவுக்கே விஷயம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அத்தான் சொன்ன பதில், "உனக்காகத்தானே செஞ்சேன்." அதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். தெருவைப் பார்த்த மாடி அறையை எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் கோபம் ஆறிவிடும் என்று நான் நினைத்தேன். மாதங்கள் ஆயின, ஆறவில்லை.

அத்தான் ஞாயிறு தவறாமல் வந்தார். வண்டி கொடுக்க ஒரு ஞாயிறு, வாங்க ஒரு ஞாயிறு. கேட்டைத் தாண்டி உள்ளே வரமாட்டார். டயரில் காற்று எவ்வளவு, ஆயில் எப்போது ஊற்றினார் என்று எனக்கு ஒப்பித்துவிட்டு, சாவியைக் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடப்பார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அதுபோல எங்கள் வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். அது கேட்டதும் அக்கா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய் வாஷிங் மெஷினை ஓடவிடுவாள். உள்ளே துணி இருக்கிறதோ இல்லையோ, மெஷின் ஓடும். கீழே அத்தான் ஆயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே அண்ணாந்து மாடியைப் பார்ப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நடுவில் நான் சாவியை வைத்துக்கொண்டு நிற்பேன்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அத்தான் வந்த பிறகு அந்தக் குறை தெரியவில்லை. அவர் எங்கள் தெருவுக்கு வர இந்த வண்டியை விட்டால் வேறு காரணமும் இல்லை. வண்டி போனால் அத்தானும் போய்விடுவார் என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது.

கம்பெனி அந்த சைலன்சரைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. அத்தான் போனில் சொன்னார், "பேசாம வித்துடலாமா மச்சான்?" சாதாரணமாகத்தான் கேட்டார். இந்த மாதிரி வண்டிகளுக்கு வெளியே சைலன்சர் செய்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், போய்ப் பார்ப்போம், விற்கிற பேச்சை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

கடை, பட்டறைகள் நெருக்கியடித்த ஒரு தெருவில் இருந்தது. இரண்டு பக்கமும் கிரைண்டர்கள் இரும்பை அறுத்துக்கொண்டிருந்தன. உள்ளே கூரையிலிருந்து குழாய்கள் தொங்கின. வளைந்தது, நெளிந்தது, இரட்டை வாய் உள்ளது. சைலன்சர்காரர் பருத்த மனிதர், எங்களைவிட வண்டியிடம்தான் அதிகம் பேசினார். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார். சத்தம் வேண்டுமா, வேண்டாமா?

அத்தான் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றிருந்தேன். சுரங்கப்பாதை வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு, கியரைக் குறைத்து, அந்த எதிரொலிக்காகவே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற ஆள் அவர். ஆனால் அவர் சொன்னது, "சத்தமே வேணாம். இருக்கறதுலயே அமைதியானதைக் குடுங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொங்குகிற குழாய்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் வர்ற சத்தம் கேட்டாலே அவ மாடிக்கு ஓடறா மச்சான். அந்தக் கஷ்டமும் அவளுக்கு எதுக்கு? நான் வந்தது தெரியாம சாவியைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அக்காவுக்காக இவ்வளவு யோசிக்கிறோமே என்று ஒரு பெருமைகூட வந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மட்டும் இருவருக்குமே தோன்றவில்லை.

சைலன்சர்காரர் மூன்றை எடுத்துவைத்தார். ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். வெளியே கிரைண்டர் சத்தம் தாங்க முடியவில்லை. அதனால் நானும் அத்தானும் வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அவர் மாட்ட மாட்ட எஞ்சினை முறுக்கிக் கேட்டோம். முதலாவது மண்டைக்குள் மணி அடித்தது. இரண்டாவது கேட்க அடக்கமாக இருந்தாலும், ஒரே வேகத்தில் பிடித்தால் ஊஊ என்று ஒரு ரீங்காரம் காதடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதுதான் அற்புதம். போர்வைக்குள் யாரோ பேசுவதுபோல இருந்தது. நாங்கள் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிந்தது. அத்தான் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன்.

சைலன்சர்காரர் ஜன்னலில் தட்டி, அது வெளியே கொஞ்சம் பேசும் என்றார். கொஞ்சம் பேசினால் பேசட்டும் என்றார் அத்தான். இப்போதைக்குக் கிளாம்ப் போட்டுத் தருகிறேன், ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் அடுத்த வாரம் வந்து வெல்டிங் வைத்துக்கொள்ளலாம், வெல்டிங் வைத்த பிறகு திருப்பி எடுக்கமாட்டேன் என்று அவர் தன் வழக்கத்தைச் சொன்னார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வண்டி என் பின்னால் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான். என் தொழில் பல் செட் செய்வது. மெழுகில் வடித்து, அச்சில் வார்த்து, தேய்த்து, பளபளவென்று கையில் எடுத்துப் பார்த்தால் உலகத்திலேயே அழகான பல் அதுதான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அது உறுத்துகிறதா இல்லையா என்பதை அதைப் போட்டுக்கொண்ட வாய்தான் சொல்ல வேண்டும். இது எனக்குத் தினமும் தெரிந்த விஷயம். ஆனாலும் பட்டறையைப் பூட்டும்போது புத்தியையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கீழே ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டருகே போய் நின்றேன். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தெருமுனைக்கு வண்டி வருவதற்கு முன்பே, இன்னும் அடுத்த தெருவில் இருக்கும்போதே, ஓர் உறுமல் வந்தது. முனை திரும்பியதும் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. மாடிகளில் திரைகள் விலகின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என் கண்முன்னால் கரும்பச்சையாக ஊர்ந்து வந்தது. உள்ளே அத்தான் அமைதியே உருவாக உட்கார்ந்திருந்தார். தான் காற்றைப்போல் வந்து நிற்பதாகவே அவருக்கு நினைப்பு.

வாஷிங் மெஷின் ஓடவில்லை. அக்கா மடித்த துண்டோடு வெளியே வந்துவிட்டாள். என்னை ஒதுக்கிவிட்டு, கேட்டைத் திறந்து, நேராக வண்டிக்குப் போனாள். பெட்டியோடு வந்த நாளிலிருந்து அவள் அத்தானை நேருக்கு நேர் பார்ப்பது அன்றுதான்.

அவர் பதறி இறங்கினார். அவள் நிதானமாகத்தான் கேட்டாள். ஊரைக் கூட்டி யாருக்கு என்ன சொல்ல வந்திருக்கிறீர்கள் என்றாள். அத்தான் முழித்தார். இல்லை, இது இருப்பதிலேயே சத்தம் குறைந்தது, பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினோம் என்றார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் ஆமாம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் எங்க நின்னு கேட்டீங்க?" என்றாள் அக்கா.

உள்ளே உட்கார்ந்து, என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அத்தானுக்கு அங்கேயே நிறுத்தத் தெரியவில்லை. "உனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தார். பாதியில் அந்தப் பழைய பதில் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முடிக்காமல் நிறுத்திவிட்டார். அக்கா கையிலிருந்த துண்டை என் தோளில் போட்டாள். கடை எங்கே என்று கேட்டாள். தானும் வருவதாகச் சொன்னாள்.

இரண்டு சீட்டு வண்டியில் மூன்று பேர் போக முடியாது. அக்கா அத்தானுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்தச் சைலன்சரின் வாய் நேராக என் முகத்துக்கு. ஹெல்மெட்டுக்குள் பல் ஆடியது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் என்னையும் சேர்த்து முறைத்தார்கள். ஆனால் உள்ளே போர்வைக்குள் பேசுகிற அமைதிதானே. பின் கண்ணாடி வழியாக அவர்கள் தலைகள் தெரிந்தன. முதல் சிக்னல்வரை இரண்டும் நேராக இருந்தன. அதற்கப்புறம் அக்காவின் கை ஒருமுறை உயர்ந்து இறங்கியது. சற்றுப் பொறுத்து மறுபடி உயர்ந்தது. அத்தானின் தலை அவள் பக்கம் திரும்பித் திரும்பிச் சாலைக்கு வந்தது. பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேச்சு அவர்களுக்கு, சத்தமெல்லாம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அக்கம்பக்கத்துப் பட்டறைகள் மூடியிருந்தன. கிரைண்டர்கள் இல்லாமல் தெரு வெறிச்சென்றிருந்தது. சைலன்சர்காரர் மட்டும் பாதி ஷட்டரை ஏற்றி வைத்துக்கொண்டு ஏதோ பாக்கி வேலையை முடித்துக்கொண்டிருந்தார். வெல்டிங்குக்கா என்று கேட்டார். அக்கா, இன்னும் கேட்டே முடியவில்லை என்றாள். அத்தானிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினாள்.

"நீங்க பின்னாடி போய் நில்லுங்க" என்றாள்.

அத்தான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. அவர் எப்போதும் ஸ்டியரிங் பக்கம், நானும் அப்படியே. எங்கள் வண்டி உறுமும்போது அதன் பின்னால் நின்று கேட்க இருவருக்குமே தோன்றியதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை ஏதோ கண்ணுக்கு மட்டும் சொன்னதாக நினைத்திருந்தேன்.

அக்கா கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்து மிதித்தாள்.

ஷட்டர் அதிர்ந்தது. கூரையில் தொங்கிய குழாய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அத்தான் ஓரடி பின்வாங்கினார். போதும் என்று கையைக் காட்டினார். அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், காலை எடுக்கவில்லை. அவர் இரண்டு கையையும் உயர்த்தினார். அவள் இன்னும் எடுக்கவில்லை. பிறகு அவர் கைகளை இறக்கிவிட்டார். காதைப் பொத்தவும் இல்லை, நகரவும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு முன்னால் அப்படியே நின்று கேட்டார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. தன் குரலை முதல்முதலாகப் பதிவில் கேட்கிறவனின் முகம்.

அக்கா காலை எடுத்தாள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். அத்தான் அவள் பக்கம் நடந்து வந்து குனிந்தார்.

"உள்ள உக்காந்திருந்தப்போ இப்படிக் கேக்கல" என்றார்.

"தெரியும்" என்றாள் அக்கா. "இத்தனை மாசமா மாடியில உக்காந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

சைலன்சர்காரர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தான், அந்த மேசைக்கு நான் உன்னைத் தள்ளிவிட்டேன் என்றார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் உன்னைக் கேட்கவே இல்லை, தப்பு என்றார். அதை அவர் முணுமுணுக்கவில்லை, எங்கள் இரண்டு பேர் எதிரில் தெளிவாகச் சொன்னார். அக்காவின் கண் கலங்கியது. அதை மறைக்க அவள் கியரைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"எது வேணும்னு நீ சொல்லு" என்றார் அத்தான், கொஞ்சம் பொறுத்து. "நீ சொல்றதையே மாட்டிடுவோம்."

"அது வேணாம்" என்றாள் அக்கா. "நான் சொல்லி நீங்க மாட்ட வேணாம். வெளிய நின்னு மூணையும் கேளுங்க. அப்புறம் பேசுவோம்."

கேட்டார். சைலன்சர்காரர் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். அக்கா உள்ளே மிதிக்க, அத்தான் பின்னால் நின்றும், தள்ளிப் போய்த் தெருமுனையில் நின்றும், எதிர்ச்சுவரில் சாய்ந்தும் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்கு வந்து எப்படி இருந்தது என்று சொன்னார். உள்ளே எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டார். ஒரு கட்டத்தில் இருவரும் சைலன்சர் பற்றித்தான் பேசுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், காதடியில் ரீங்காரம் போடுகிறது என்று நாங்கள் ஒதுக்கிய அந்த இரண்டாவதில் வந்து நின்றார்கள். வெளியே அது கண்ணியமாக இருந்தது. முனையில் வருவது தெரியும், அவ்வளவுதான். உள்ளே ஓட்டுகிறவனுக்குத்தான் கொஞ்சம் இம்சை. அந்த இம்சையை நான் வைத்துக்கொள்கிறேன் என்றார் அத்தான். பாதி வண்டி என்னுடையது, பாதி இம்சை எனக்கும் வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. வெல்டிங் வைத்துவிட்டார்கள்.

அக்கா அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. என் வீட்டு மாடிக்குத்தான் திரும்பி வந்தாள். ஒரு மத்தியானத்தில் ஆறுகிற கோபம் இல்லை அது. அந்த வாரம் அவளே பிரிவுத் தலைவரைப் பார்த்து, இரவுப் பொறுப்பைத் திரும்பக் கேட்டாள். அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றாராம். அத்தான் அதைப் பற்றி என்னிடம் போனில் விசாரித்தார். எனக்குத் தெரியாது, அவளிடமே கேளுங்கள் என்று வைத்துவிட்டேன். இந்தப் புத்தி எனக்கு முன்னமே வந்திருக்கலாம்.

வண்டி ஒரு வாரம் என்னிடமும் ஒரு வாரம் அவரிடமும் இருந்துவிட்டு, முறைப்படி மறுபடி என்னிடம் வர வேண்டிய நாள் வந்தது. ஞாயிறு காலை தெருமுனையில் ஒரு சின்ன உறுமல் கேட்டது, நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. அக்கா சமையலறையில் இருந்தாள். நான் படிக்கட்டைப் பார்த்தேன். அவள் மாடிக்குப் போகவில்லை, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

காலிங்பெல் அடித்தது. அவர் கேட்டைத் தாண்டி வந்து பெல்லை அடித்திருந்தார். நான் கதவைத் திறந்து சாவிக்குக் கையை நீட்டினேன். அத்தான் என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச தூரம் போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். என்னை இல்லை. "உனக்கு முடியும்னா. முடியாதுன்னா சொல்லு, அடுத்த வாரம் வந்து கேக்கறேன்."

அக்கா செருப்பை மாட்டினாள். நீட்டிய என் கையில் விழ வேண்டிய சாவியை அவர் விரலிலிருந்து எடுத்துக்கொண்டாள். போய் ஸ்டியரிங் பக்கம் ஏறினாள். அத்தான் சுற்றிவந்து மற்றப் பக்கம், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் தெருவில் நின்று கேட்டேன். வண்டி முனை திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. நல்ல சத்தம்தான். அன்றைக்கு அது என் முறை என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, நானும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.